அரைக் கிலோ சங்கராவுக்கு ஒற்றை நட்சத்திரம்

முப்பத்துமூன்று வயதில் எனக்குப் பணி ஓய்வு விழா நடந்தது. சால்வை, சந்தன மாலை, சுவர்க் கடிகாரம், தட்டில் ஜாங்கிரி, "இனியாவது குடும்பத்தோடு நிம்மதியாக இருக்கட்டும்" என்ற வாழ்த்து என எல்லாம் முறைப்படி நடந்தன. ஒருவரை வேலையிலிருந்து அனுப்புவதற்கென்று எங்கள் அலுவலகத்தில் தனியாகச் சடங்கு எதுவும் கிடையாது. இருந்த ஒரே சடங்கை எனக்கும் செய்துவிட்டார்கள். என் குடும்பம் என்பது நானும் அடையாறில் ஓர் ஒற்றை அறை வீடும்தான் என்று சொல்லி, மைக் பிடித்தவரின் உற்சாகத்தைக் கெடுக்க நான் விரும்பவில்லை.

தி. நகரில், பாண்டி பஜாரிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், பாத்திரக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் அந்த அலுவலகம் இருக்கிறது. கைபேசியில் தொடர்கதை படிப்பதற்கு ஒரு செயலி, அதில் நன்றாக ஓடிய கதைகளை அச்சிட ஒரு பதிப்பகம். வெளியிடுவது பெரும்பாலும் கலகலப்பான காதல் கதைகள். அவற்றுக்கு வரும் வாசகர் கருத்துகளைப் படித்து, பிரித்து, ஒரு தாளில் சுருக்கி மேலே அனுப்புவது ஒன்பது ஆண்டுகள் என் வேலை. இப்போது அதை ஒரு மென்பொருள் செய்கிறது. நான் ஒரு நாள் முழுக்கப் படித்ததை அது கண்ணிமைக்கும் நேரத்தில் படித்து, பக்கத்தில் ஒரு முகத்தையும் வரைந்துவிடுகிறது: சிரித்த முகம், அழுத முகம், ஒன்றும் புரியாத முகம். "சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது, பாவி எழுத்தாளரே" என்ற கருத்துக்கு அழுத முகம் போட்டு, உடல்நலப் புகார் என்று வகைப்படுத்தியிருந்தது. நிர்வாகத்துக்கு மிகுந்த திருப்தி.

அந்த மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் அபிநயாதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "அக்கா, கமெண்ட்டை எப்படிப் பிரிக்கணும்னு பத்து பாயிண்ட்ல எழுதிக் குடுத்துட்டுப் போங்களேன். அதுக்குக் கத்துக் குடுக்கணும்" என்றாள். பட்டியல் என்றால் எனக்குத் தயக்கமே இல்லை. கடைக்குப் போகும் சீட்டைக்கூட அகர வரிசையில் எழுதுகிறவள் நான். உட்கார்ந்து எழுதினேன். ஒன்பதாவது குறிப்புக்கு வந்தபோது முதல் எட்டும் தவறு என்று தெரிந்தது. பட்டியலைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கணினிப் பொறியியல் படித்தேன். செயலியின் சர்வரைப் பார்த்துக்கொள்ளச் சேர்ந்தேன். சேர்ந்த மூன்றாம் மாதம், கருத்துகளைப் படித்துவந்தவர் பிரசவ விடுப்பில் போனார். "ரெண்டு மாசம் பாத்துக்கோ" என்றார்கள். அவருடைய குழந்தை இப்போது மூன்றாம் வகுப்பு. அதுவரை நான் ஒரு காதல் கதையைக்கூட முழுதாகப் படித்ததில்லை. அது ஒரு குறையாகக் கருதப்படவில்லை. என் தகுதிகளில் ஒன்றாகவே கருதப்பட்டது.

முதல் மாதத்திலேயே ஒன்றைப் புரிந்துகொண்டேன். சோகக் கதையைப் படிப்பவர்கள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். சிரிக்க வைக்கும் காதல் கதையைப் படிப்பவர்கள் கையும் களவுமாகப் பிடிபட்டவர்களைப்போல் பேசுகிறார்கள். "என் மனைவியின் போனில் தற்செயலாகக் கண்ணில் பட்டது" என்று ஆரம்பிக்கும் கருத்து முப்பத்தெட்டாம் அத்தியாயத்தின் கீழே இருக்கும். "இதையெல்லாம் யார் படிக்கிறார்கள்?" என்று எல்லா அத்தியாயத்தின் கீழும் கேட்டுவந்த ஒருவர், எங்கள் செயலியில் மிக அதிகமாகப் படித்தவர். ஒரே அத்தியாயத்துக்கு அடையாறிலிருந்து ஒருவர், "மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் படிக்கலாம், ஐந்து நட்சத்திரம்" என்றார். மாம்பலத்திலிருந்து இன்னொருவர், "மூளைக்கு வேலையே இல்லை, ஒரு நட்சத்திரம்" என்றார். இருவரும் சொன்னது ஒன்றையேதான். சமூகப் பார்வை போதவில்லை என்று நாற்பது வரி எழுதியவர் ஒருவர் உண்டு. அவர் எதிர்பார்த்த சமூகப் பார்வை, 'அவன் போட்ட உப்புமாவும் அவள் கழற்றாத ஹெல்மெட்டும்' என்ற தலைப்புள்ள அத்தியாயத்தில்.

இவற்றையெல்லாம் ஏழு பத்திகள் கொண்ட அட்டவணையாக்கினேன்.

ஒன்று, பிடித்தது. இரண்டு, பிடிக்கவில்லை. மூன்று, பிடிக்கவில்லை ஆனால் அடுத்த அத்தியாயம் எப்போது. நான்கு, கதாநாயகனுக்கு அறிவுரை. ஐந்து, எழுத்தாளருக்கு அறிவுரை. ஆறு, வாசகரின் சொந்தக் கதை (பல சமயம் நாங்கள் வெளியிட்டதைவிட நன்றாக இருக்கும்). ஏழு, நட்சத்திரங்களின் சராசரி.

எட்டாவதாகவும் ஒரு பத்தி இருந்தது. அத்தியாயம் வெளியான எவ்வளவு நேரத்தில் ஒருவர் அதைப் படித்தார், எதுவரை படித்தார் என்பது. கணினியே தானாகக் குறித்துக்கொள்ளும். அதை நான்தான் எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்று சொல்ல வேண்டுமானால் வரதன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வரதன் சார் எங்கள் ஆசிரியர். மயிலாப்பூர்க்காரர். பத்தேகாலுக்கு வருவார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, நின்றபடியே படிப்பார். திரையில் எதையும் பார்க்கமாட்டார். ஒரே தாள், நெடுக்குவாட்டில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். "ரெண்டாவது பக்கம்னு ஒண்ணு இருந்தா, மொதல் பக்கத்துல விஷயமே இல்லேன்னு அர்த்தம்மா" என்பார். எட்டுப் பத்திகள் போட்டால் எழுத்து சிறுத்தது. எட்டாவதை எடுத்தேன், எழுத்து பெருத்தது. தாளின் ஓரத்தில் 'நன்று' என்று எழுதிக் கொடுத்தார். எழுத்துப்பூர்வமாக எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

ஒருமுறை கேட்டேன். "சார், நாம போடற கதையில எதையாவது நீங்க படிச்சிருக்கீங்களா?"

"காதல் கதையப் படிக்கறவா வேற, போடறவா வேற. ஜவுளிக் கடைக்காரன் எல்லாப் புடவையையும் கட்டிண்டா பாக்கறான்?" என்றார். நியாயமாகத்தான் பட்டது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. தொடர் பதினைந்தாம் அத்தியாயத்தைத் தொட்டதும் அது வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு வரும். ஏழாம் பத்தியில் மூன்றுக்குக் கீழே இருந்தால், வரதன் சார் மஞ்சள் பேனாவால் தாளின் மூலையில் ஒரு புள்ளி வைப்பார். இதற்குப் பெயர் முகூர்த்தம் குறிப்பது. பதினாறாம் அத்தியாயத்தில் கல்யாணம், பதினேழில் சுபம். காதல் கதையைப் பாதியில் நிறுத்தினால் வாசகர் சண்டைக்கு வருவார். கல்யாணம் செய்து வைத்துவிட்டு நிறுத்தினால் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார். இது சாரின் கண்டுபிடிப்பு. வாழ்க்கையைக் கூர்ந்து கவனித்தவர்தான். இப்படி எங்கள் கையால் மாலை மாற்றிக்கொண்டவர்கள் பலர். ஒரு ஜோடி பழுதான லிஃப்டுக்குள்ளேயே கல்யாணம் செய்துகொண்டது. இன்னொரு கதையில் நாயகனும் நாயகியும் பதினைந்து அத்தியாயம்வரை சந்திக்கவே இல்லை. பதினாறில் நேராக ரிசப்ஷன் மேடையில் அறிமுகமானார்கள். மாறாக, நாற்பது அத்தியாயம் ஓடிவிட்டால் அந்தத் தொடர் புத்தகமாக அச்சேறும். பின்னட்டையில் எழுத்தாளரின் புகைப்படம் வரும்.

இந்த வழக்கத்தின்படி நான் தாள் கொடுத்து நிறைய கதைகளுக்கு முகூர்த்தம் நடந்திருக்கிறது. எந்த எழுத்தாளரும் ஏன் என்று கேட்டதில்லை. ஸ்டெல்லா கேட்டார்.

ஸ்டெல்லாவுக்குப் பட்டினப்பாக்கத்தில் மீன் கடை. கணவர் கடலுக்குப் போகிறவர். கடல்மதி என்ற பெயரில், வியாபாரத்துக்கு நடுவே கைபேசியில் தட்டி எங்களுக்கு எழுதிய தொடர் 'அரைக் கிலோ சங்கரா'. செவ்வாயும் சனியும் வெளியாகும். கதை எளிமையானது. ஏசி மெக்கானிக் ஒருவன் தினமும் ஒரு மீன் கடைக்கு வந்து அரைக் கிலோ சங்கரா வாங்குகிறான். அவனுக்கு மீன் பிடிக்காது, கடைக்காரப் பெண்ணைத்தான் பிடிக்கும். மீனை அவன் வீட்டு மாடிப்படியில் இருக்கும் ஒரு பூனைக்குப் போடுகிறான். பூனை பெருத்துக்கொண்டே போகிறது. பாவம், பெரிய குடும்பம்போல என்று நினைத்து அவள் நிறையிலும் கொஞ்சம் கூட்டிப் போடுகிறாள். மனத்தில் இருப்பதைச் சொல்ல அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவள், "வெட்டணுமா, முழுசாவா?" என்கிறாள். அவன், "வெட்டுங்க" என்கிறான். அத்தியாயம் முடிகிறது.

கருத்துகள் வந்து குவிந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஒற்றை நட்சத்திரம். இரண்டாம் பத்தி வீங்கியது, ஏழாம் பத்தி மெலிந்தது. ஒரு வியாழக்கிழமை நான் தாளைக் கொடுத்தேன்.

"மீன் கதையா? நம்மாத்துல இதைப் பத்தி வாயையே தொறக்க முடியாது" என்றார் சார். கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். மஞ்சள் புள்ளி வைத்தார். அன்று மாலையே, 'சனிக்கிழமை நம் மெக்கானிக்குக் கல்யாணம்! காணத் தவறாதீர்கள்' என்ற அறிவிப்பு எல்லா வாசகர்களின் கைபேசிக்கும் போய்விட்டது. ஸ்டெல்லாவிடம் வழக்கமான வாக்கியங்களை நான் தொலைபேசியில் சொன்னேன்.

"புடிக்கலையா மேடம்?"

"பெரும்பாலான வாசகர்களுக்கு."

"சரிங்க மேடம்."

தொல்லை தராத எழுத்தாளர் என்று குறித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை வியாபாரம் முடிந்த கையோடு அவர் இரண்டு மாடி ஏறி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். முப்பத்தெட்டு வயதிருக்கும். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நாப்பது வந்தா புக்கா வரும்னு இருந்தேன். யாருக்குப் புடிக்கலையாம்? காட்டுங்க மேடம். பாத்துட்டுப் போறேன்."

"அப்படிக் காட்டற வழக்கமில்லைங்க."

"காட்டக் கூடாதுன்னு சட்டம் கீதா?"

சட்டம் இல்லை. இதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். பெயர்களை நீக்கி அச்செடுத்துக் கொடுத்தேன். அச்சு வந்துகொண்டிருந்தபோது, புத்தகம் அவருக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்டேன். பேச்சை ஓட்டத்தான் கேட்டேன்.

"எங்க ஊட்ல நாத்தனா கீது, மேரின்னு. எப்பப் பாத்தாலும் போன்ல இன்னாத்த தட்டிக்கினே கீற, எவன்கூட பேசுறன்னு கேக்குது. கத எழுதறேன்னு சொன்னா, நீயா, கதையான்னு சிரிக்குது. எங்க ஊட்டுக்காரரு ஒண்ணும் கேக்கமாட்டாரு. ஆனா கேக்கணும்னு நெனைக்கறது மூஞ்சிலயே தெரியுது."

"போன்ல கதையக் காட்டலாமே?"

"காட்டினேன். பேரு கடல்மதின்னு போட்டுக்கீது, இது நீதான்னு எப்டி நம்பறதுங்குது. புக்குன்னா அட்டைல என் போட்டோ வரும்ல? அத்த எட்த்து நடு ஊட்ல வெச்சுட்டா முட்ஞ்சுது. நான் ஒரு வார்த்த பேசவேணாம்."

அச்செடுத்த தாள்களை வாங்கிப் படித்தார். நான் அவர் முகம் வாடும் என்று எதிர்பார்த்து தண்ணீர் டம்ளரை அருகில் நகர்த்தி வைத்தேன். நான்காவது தாளில் அவர் சிரிக்க ஆரம்பித்தார்.

"இத்தக் கேளுங்க. 'இவன் ஒரு ஆம்பளையா? இரண்டு மாதமாக அரைக் கிலோ! ஒரு நட்சத்திரம்தான்.' தோ, இது: 'சகிக்கவில்லை. பூனை இப்போது எத்தனை கிலோ?'" தாள்களை மேசையில் வைத்தார். "இதான் புடிக்காததா மேடம்?"

"ஒரு நட்சத்திரம் குடுத்திருக்காங்களே."

"மேடம், நீங்க மீன் வாங்குவீங்களா?"

"கடையில பாக்கெட்ல கட்டி வெச்சதை வாங்குவேன்."

"அதான். எங்க கடைக்கு வாங்க, சொல்றேன். மீன் புடிக்கலன்னா ஒரு பொம்பள இன்னா பண்ணுவா? மூக்கப் பொத்திக்கினு போய்க்கினே இருப்பா. செவுளத் தூக்கிப் பாத்து, அழுத்திப் பாத்து, இன்னா இது நேத்து மீனான்னு திட்டிக்கினு, போறேன் போறேன்னு சொல்லிக்கினு அங்கயே நிக்கறா பாருங்க, அவ வாங்கப் போறவ. பேரம் பேசறா. இதுங்கல்லாம் பேரம் பேசறதுங்க மேடம்."

ஒன்பதாண்டுகள் தரவுகளோடு இருந்த எனக்கு இதை ஒரு மீன் கடைக்காரர் சொல்ல வேண்டியிருந்தது. சோதித்துப் பார்க்க ஒரே வழி அந்த எட்டாவது பத்தி. திறந்தேன். ஒற்றை நட்சத்திரக்காரர்கள் எல்லாரும் அத்தியாயம் வெளியான ஐந்து நிமிடங்களுக்குள் படித்திருந்தார்கள். ஐந்து நட்சத்திரம் தந்து 'அருமை' என்று எழுதிய நல்லவர்கள், மூன்று நாள் கழித்துத் திறந்து, பாதியில் நிறுத்தியிருந்தார்கள்.

வாசகர் ஒருவரை அழைத்து நன்றி சொல்ல எனக்கு அனுமதி உண்டு. மயிலாப்பூரிலிருந்து முதல் அத்தியாயம் தொட்டு ஒற்றை நட்சத்திரமே தந்துவந்த ஒருவரை அழைத்தேன். ஸ்டெல்லா கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டேன்.

"ஆமாம், நான்தான் ஆரம்பிச்சேன்" என்றார் அந்த மாமி, கொஞ்சமும் கூச்சமில்லாமல். "எங்க வாக்கிங் குரூப்ல பதினோரு பேர். அவன் வாயத் தொறந்து சொல்ற வரைக்கும் ஒண்ணுக்கு மேல யாரும் போடப்படாதுன்னு தீர்மானம். அடையாறுல எங்க சம்பந்தியாத்து மனுஷாளும் சேந்துண்டிருக்கா."

"அப்போ கதை பிடிக்கலையா மாமி?"

"யார் சொன்னா? செவ்வாயும் சனியும் அடுப்ப அணைச்சுட்டுன்னா படிக்கறேன்! மீன் வர எடத்த மட்டும் தாண்டிண்டு போயிடுவேன்."

அந்தக் கதையில் மீன் வராத இடங்களைச் சேர்த்தால் ஒரு பக்கம் தேறும். அதைச் சொல்லாமல், ஒற்றை நட்சத்திரம் விழுந்தால் கதை நிறுத்தப்படும் என்று மட்டும் சொன்னேன்.

"கதையையா? நாங்க அந்தப் பயலுக்குன்னா போட்டோம்! நீ ஒண்ணு பண்ணு, எல்லாத்தையும் அஞ்சா மாத்திடறோம்."

ஒருமுறை தந்த நட்சத்திரத்தை மாற்ற முடியாது. மோசடியைத் தடுக்கும் ஏற்பாடு. அதை எழுதிய புத்திசாலி யார் என்று மாமி கேட்கவில்லை. சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்த முதல் மூன்று மாதங்களில் நான் செய்த சாதனை அது.

ஸ்டெல்லா சிரித்து முடித்தார். பிறகு என் கணினித் திரையைப் பார்த்தார்.

"இந்த எட்டாவது கட்டம் நேத்து சார் கிட்ட குடுத்த சீட்டுல இல்லையா?"

"இல்லை."

"சீட்டு யாரு போட்டது?"

"நான்தான்."

"ஏன் போடல?"

"தாள்ல இடமில்லை."

"தாள்ல எடமில்ல." திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அமைதியாகச் சொன்னார். "நேத்து நீங்க போன வெச்சதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சி மேடம். நாத்தனா வந்து, இன்னா மூஞ்சி செத்துக்கீது, எவன் உட்டுட்டுப் போனான்னு கேட்டுச்சி. ஊட்டுக்காரரு அங்கயே வல பின்னிக்கினு இருந்தாரு. நிமிந்து என்னப் பாத்தாரு."

எழுந்து வரதன் சாரின் அறைக்குப் போனேன். ஸ்டெல்லாவும் என் பின்னாலேயே வந்து கதவருகே நின்றார்.

"சார், நேத்துக் குடுத்த தாள் தப்பு. என் தப்பு."

"தப்புன்னு யார் சொன்னா? நான் ஏழு பத்தி கேட்டேன், நீ ஏழு குடுத்தே. கேக்காத பத்தியில இருக்கற விஷயத்துக்கு நாம எப்படிம்மா பொறுப்பாக முடியும்?" இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரை மறக்க முடியாது. இதைச் சட்டமாக்கினால் பல அலுவலகங்கள் நிம்மதியாகத் தூங்கும்.

"முகூர்த்தத்தைத் தள்ளி வைக்கலாம் சார்."

"நோட்டீஸ் போயாச்சு. ஊருக்கெல்லாம் சொல்லிட்டுக் கல்யாணத்த நிறுத்தப்படாது. அபசகுனம்."

கதவருகிலிருந்து ஸ்டெல்லா கேட்டார். "சார், நாளைக்கி கல்யாணம் நடக்கணும். அவ்ளோதானே?"

"அவ்வளவுதான். பாத்தியா, புரிஞ்சுண்டுட்டா."

"அவன் எதுனா சொல்லணுமா?"

சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "யாரு? என்ன சொல்லணும்?"

"ஒண்ணுமில்ல சார். நான் வர்றேன்."

கதையில் ஒரு வரியாவது படித்திருந்தால் சார் அந்த இடத்தில் உஷாராகியிருப்பார்.

சனிக்கிழமை பதினாறாம் அத்தியாயம் வந்தது. பூனையைக் கண்டுபிடித்த கடைக்காரப் பெண், இத்தனை நாளாக யாருக்கு மீன் போனது என்று தெரிந்துகொண்டு, தானே முடிவெடுத்து மெக்கானிக்கை சாந்தோம் பக்கத்தில் ஒரு சின்ன சர்ச்சுக்கு இழுத்துப் போகிறாள். உறவெல்லாம் கூடியிருக்கிறது. ஃபாதர் அவனிடம், "உனக்குச் சம்மதமா மகனே?" என்கிறார். அவன் வாயைத் திறக்கிறான். ஊரே காது கொடுக்கிறது. பழக்கதோஷத்தில் அவன், "வெட்டுங்க" என்கிறான். "அவருக்குச் சம்மதம்தான் ஃபாதர், நீங்க மேல போங்க" என்கிறாள் அவள். கல்யாணம் முடிகிறது. அவன் சொல்லவில்லை.

உத்தரவு எழுத்துக்கு எழுத்து நிறைவேறிவிட்டது. கருத்துகள் கொட்டிய வேகத்தில் சர்வர் இரண்டு முறை நின்றது. ஒற்றை நட்சத்திரங்கள்! 'கட்டிக்கொண்டால் போதுமா? சொன்னானா?' 'சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டவர் ஒருவர் எங்கள் வீட்டிலும் இருக்கிறார், முப்பது வருடமாகக் காத்திருக்கிறேன்.' மயிலாப்பூர் மாமியின் குழு போராட்டம் தொடர்வதாக அறிவித்தது. ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் சிறப்புக் கூட்டமாம்.

திங்களன்று புதிய தாள் தயாரித்தேன். எட்டுப் பத்திகள், எழுத்து சிறுக்காமல். அதற்கு மிக நவீனமான ஒரு தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தினேன்: தாளைக் குறுக்குவாட்டில் திருப்பினேன். வரதன் சார் அதை வாங்கி இப்படியும் அப்படியும் சுழற்றிப் பார்த்தார். எட்டாவது பத்தியை முதலில் போட்டிருந்தேன். மெதுவாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து ஒரு தாளைப் படித்ததை அன்றுதான் பார்த்தேன்.

"கல்யாணத்துக்கு அப்புறம்தான் கதையே ஆரம்பிக்கும்னு நான் அன்னிக்கே சொல்லலே?" என்றார்.

"சொன்னீங்க சார்."

அலுவலகத்தில் நான் சொன்ன பொய்களுக்கும் ஒரு பட்டியல் உண்டு. அதில் வருத்தமே இல்லாமல் சேர்த்தது இந்த ஒன்றுதான்.

பதினேழில் சுபம் வரவில்லை. நாற்பது வரை போயிற்று. நாற்பதாவதிலாவது அவனைச் சொல்ல வைக்கும்படி மாமி எனக்கு நேரடியாகவே போன் செய்தார். தாளைப் படித்துவிட்டு சாரும் அதையே விரும்பினார். ஸ்டெல்லாவிடம் சொன்னேன். "சொல்லிட்டான்னா அப்புறம் அவன் எதுக்கு தெனம் கடைக்கு வர்றான் மேடம்?" என்று கேட்டார். கடைசி வரியில் அவன், தன் மனைவியின் கடையில், வரிசையில் நின்று, அரைக் கிலோ சங்கரா கேட்கிறான். சராசரி கடைசிவரை மூன்றைத் தொடவில்லை. புத்தகம் அச்சானது.

எழுத்தாளருக்கான பிரதிகளைத் தபாலில் அனுப்புவதுதான் வழக்கம். என் தப்பான தாளுக்கு இன்னும் நான் மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை. எனவே முதல் கட்டை நானே ஸ்டெல்லாவின் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்து, மன்னிப்பும் கேட்டேன். அவர் புத்தகத்தைப் பின்பக்கமாகத் திருப்பிப் புகைப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு காலை, கட்டி வைத்த மீனை விட்டுவிட்டு, பட்டினப்பாக்கம் போனேன். கடையில் ஸ்டெல்லா ஓரமாகக் கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்து கைபேசியில் தட்டிக்கொண்டிருந்தார். வெட்டுக்கத்தியோடு வேறொரு பெண் உட்கார்ந்திருந்தார். நான் யாரென்று தெரிந்ததும் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான் ஆபீஸ் மேடமா? நான் மேரி. இன்னா கத போட்டுக்கீறீங்க? எங்கண்ணன் படிக்கச் சொல்லி ஊட்ல உக்காந்து கேட்டாரு. நாப்பது அத்தியாயமும் நான்தான் படிச்சி சொன்னேன். தொண்ட போச்சி. ஒரு வாட்டியாவது அவன் வாயத் தொறந்தானா? சுத்தமா நல்லால்ல."

"எங்க வாசகர்கள் பலருக்கும் அதே கருத்துதாங்க."

"இருக்காதா பின்ன?"

அப்போது சாலையோரம் ஒரு கார் நின்றது. உள்ளேயிருந்து ஒருவர் ஸ்டெல்லாவைப் பார்த்துக் கையைத் தட்டி, "ஹலோ, வஞ்சரம் எவ்ளோ? உங்களைத்தாங்க!" என்றார். ஸ்டெல்லா நிமிரவில்லை.

மேரி கத்தியைப் பலகையில் வைத்துவிட்டு எழுந்தார்.

"யோவ், இன்னாத்துக்கு அங்கப் பாத்துக் கத்தற? அண்ணி எழுதிக்கினு கீது, கண்ணு தெரில? எறங்கி இப்டி வா, இன்னா வோணுமோ என்னக் கேளு."